மூன்றாவது பேர்

தை அமாவாசைக்கு விருத்தாசலம் போனால் மணிமுத்தாற்றங்கரையில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்பது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம். கூட்டம் மட்டும் குறையாது. காசியைவிட இங்கே புண்ணியம் ஒரு வீசம் அதிகம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அந்தப் பதினாறில் ஒன்றுக்காகப் பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள்.

எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்திருப்பவரிடம் ஐயர் கேட்கிறார்.

"அப்பா பேரு?"

பதில் டக்கென்று வருகிறது.

"தாத்தா பேரு?"

கொஞ்சம் யோசனைக்குப் பிறகு வருகிறது.

"அவருக்கு அப்பா பேரு?"

ஆசாமி திரும்பிப் பக்கத்தில் நிற்கிற சித்தப்பாவைப் பார்க்கிறார். சித்தப்பா வானத்தைப் பார்க்கிறார். ஐயருக்கு இது பழகிப்போன மௌனம். ஏதோ ஒரு பொதுப்பெயரைச் சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். "பாட்டிக்கு மாமியார் பேரு?" இந்தக் கேள்விக்கு மொத்தக் குடும்பமும் வானத்தைப் பார்க்கிறது.

இந்த மூன்றாவது பேரைத் தேடி எழுதப்படுகிற புத்தகங்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

தமிழில் இப்படி ஒரு தனி இலக்கிய வகை சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது. கடையில் கிடைக்காது. சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் போனால் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுப்பார்கள். வழவழ அட்டையில் 'எங்கள் குலம்', 'எங்கள் குடும்ப வரலாறு' என்று தலைப்பு இருக்கும். எழுதியவர் பெரும்பாலும் ரிட்டையரானவர்; வங்கியிலோ ரயில்வேயிலோ பள்ளிக்கூடத்திலோ இருந்தவர். நான் இவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. ஒழுங்காக உட்கார்ந்து படிக்கிறேன். முதல் பத்துப் பக்கத்திலேயே அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி தெரிந்துவிடும்.

முன்னோர் எல்லாரும் படைத்தளபதிகள். யாருடைய தாத்தாவுக்குத் தாத்தாவும் கரிகாலனுக்குக் குதிரை பிடித்தவர் இல்லை. யாரும் கடனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனதில்லை. எல்லாரும் வாரி வழங்கியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டவர்களின் பேரன்கள் மட்டும் புத்தகம் போடவே இல்லை போலிருக்கிறது!

இன்னொரு கொடுமை, வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றுகிற அந்தத் 'தமிழன் பெருமை'. தாத்தா, பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என்று அடுக்கி, ஏழாவது தலைமுறையின் பரனும் பரையும் சேர்ந்ததுதான் 'பரம்பரை' என்பார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் பரம்பரை என்பது வடமொழியின் 'பரம்பரா'. ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்று பொருள். பூட்டனும் ஓட்டனும் நம் வீட்டுச் சொற்கள், சந்தேகமில்லை. மற்றதைக் குடும்ப வரலாற்றின் முதல் பக்கத்தில் பொன்னெழுத்தில் அச்சடிப்பவரை அடுத்த பக்கத்துக்கு நம்பிப் போக முடியவில்லை.

நிஜமான தமிழ் ஆச்சரியம் அதைவிட எளிமையான ஒரு சொல்லில் இருக்கிறது. பேரன். அதாவது பெயரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். அதனால்தான் பழைய பத்திரங்களில் ஒரு முனுசாமி, அவர் மகன் கோவிந்தசாமி, அவர் மகன் மறுபடி முனுசாமி என்று படிக்கட்டு மாதிரி வருகிறது. எந்த முனுசாமி எந்த முனுசாமி என்று தெரியாமல் அமெச்சூர் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான் உண்டு. அது அப்பாவோடு நின்றுவிடும். வெள்ளைக்காரன் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு முந்நூறு வருஷம் பின்னால் போவான். நாம் இரண்டாவது திருப்பத்திலேயே வழியைத் தவறவிடுகிறோம்.

* * *

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு நண்பர். பீங்கான் பட்டறையில் பீஸ் கட்டை செய்துகொண்டிருந்தவர். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, அந்தக் கட்டை. அந்த ஊருக்குப் பீங்கான் நகரம் என்று பேர் வாங்கிக் கொடுத்த சமாசாரங்களில் அதுவும் ஒன்று. இப்போது ஓய்வில் இருக்கிறார். நான்கு சார்ட் பேப்பர்களை ஒட்டி, அதன்மேல் தம் வம்சத்தை வரைந்துகொண்டிருக்கிறார். ஆண்களுக்கு நீல வட்டம், பெண்களுக்குச் சிவப்பு. கீழே இரண்டு வரிசையில் நீலமும் சிவப்பும் கலந்து கிடக்கிறது. மேலே போகப்போகச் சிவப்பு காணாமல் போய்விடுகிறது. உச்சியில் வெறும் நீலம்.

"ஆம்பளைக்கு ஆம்பளை பொறந்த மாதிரி இருக்கு சார்" என்று அவரே சிரித்தார்.

அவர் தேடியிருக்கிற விதத்தைப் பாராட்டவேண்டும். மண்ணைப் பதம் பார்த்தவரின் பொறுமை அது. சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டு, அதிலிருந்து பழைய பத்திரங்களின் எண்ணைப் பிடித்து, நகல் எடுத்திருக்கிறார். பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று வருவதால் ஒரே தாளில் இரண்டு தலைமுறை மாட்டும். நிலம் இருந்தவர்களுக்குப் பழைய செட்டில்மெண்ட் பதிவேடு உண்டு. எழும்பூரில் 1909ஆம் வருஷத்துச் சிவப்புக் கட்டடத்தில் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு தடவை போய் வந்தார். பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று நாடு முழுவதற்குமாக ஒரே சட்டம் வந்ததே 1969இல்தான். அதற்கு முந்தையவர்களில் பலர் சர்க்கார் கணக்கில் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை.

சர்க்கார் கைவிட்ட இடத்தில் பரண் கைகொடுக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக நோட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு. மொய் நோட்டைப் போல நேர்மையான வரலாற்று நூல் தமிழில் இன்னொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். ஊர், பேர், தொகை மூன்றும் இருக்கும், அலங்காரம் கிடையாது. பொய் எழுதினால் அடுத்த விசேஷத்தில் சண்டை வரும். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்குகிற நோட்டு இன்னொன்று. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பது அதில் தெளிவாகிவிடும். செட்டிநாட்டு நகரத்தார் இதை ஒரு ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோயில் கணக்கில் அந்தப் புள்ளி பதிவாகும். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு. மற்றவர்களுக்கு மொய் நோட்டும் பாட்டியும்தான்.

பெயர்களே சில சமயம் முகவரி சொல்லும். பழமலை, விருத்தகிரி, பெரியநாயகி என்று பேர் வைக்கிற குடும்பத்துக்கு விருத்தாசலத்தோடு ஏதோ தொடர்பு இருந்திருக்கும். புதுமைப்பித்தனின் சொந்தப் பேர் சொ. விருத்தாசலம். திருநெல்வேலிக் குடும்பம் என்றாலும் அவர் 1906இல் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில். உ.வே.சாமிநாதையருக்கு இளம் வயதில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். 'கொளஞ்சி' என்று ஒரு பேரை நீங்கள் கோலாலம்பூரில் கேட்டால்கூடத் தைரியமாகச் சொல்லலாம்: இவருடைய பாட்டன் பூட்டன் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரைக் கும்பிட்டவர்.

அந்தக் கோயிலில் பிராது கட்டுகிற வழக்கம் உண்டு. குறையைத் தாளில் எழுதி, பேர் ஊர் போட்டு, சாமி முன்னால் கட்டிவிட்டு வரவேண்டும். வழக்கு தீர்ந்தால் திரும்பி வந்து ராஜினாமா செய்யவேண்டும். பங்காளித் தகராறு, ஓடிப்போன புருஷன், திருடுபோன நகை, வராத கடன் எல்லாம் அங்கே தாளில் தொங்குகிறது. படைத்தளபதிப் புத்தகங்களில் விட்டுப்போன பக்கங்கள் எங்கே என்று யாராவது கேட்டால் நான் அங்கேதான் கை காட்டுவேன்.

* * *

உலகத்தில் இந்தத் தேடலைப் பெரிய பித்தாக ஆக்கியவர் அலெக்ஸ் ஹேலி. 1976இல் வந்த 'ரூட்ஸ்'. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று சுருக்கமாகப் படித்தவர்கள் நிறையப் பேர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்துவரப்பட்ட குண்டா கிண்டேயில் தொடங்கி ஹேலி வரைக்கும் வருகிற கதை. 1977 ஜனவரியில் டி.வி. தொடராக வந்தபோது அமெரிக்காவே எட்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தது.

அப்புறம்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. காம்பியாவின் ஜூஃபூரே கிராமத்தில் ஹேலிக்கு வம்சக் கதை சொன்ன பெரியவரைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் அதே வருஷம் கேள்வி எழுப்பினார். ஹேலி என்ன தேடி வந்தார் என்பது பெரியவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, கேட்க விரும்பியதையே திருப்பிச் சொல்லிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இன்னொரு நாவலாசிரியர் ஹெரால்டு கூர்லாண்டர், தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று வழக்குப் போட, 1978இல் ஆறரை லட்சம் டாலர் கொடுத்து ஹேலி சமரசம் செய்துகொண்டார். 1981இல் மில்ஸ் தம்பதி அமெரிக்க ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். குண்டா கிண்டே வந்ததாகச் சொல்லப்பட்ட கப்பல் கரை சேர்ந்தது 1767இல். அவர்தான் என்று ஹேலி அடையாளம் காட்டிய 'டோபி' என்ற அடிமையோ அதற்கு முன்பே அங்கே கணக்கில் இருந்தார்.

சரி, புத்தகம் பொய்யா? இப்படிக் கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். ஒரு மனிதனைப் பிடித்துச் சங்கிலி போட்டு, அவன் பேரைப் பிடுங்கி, வேறு பேர் வைத்தது பொய் இல்லை. நாவல் என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது என் ரத்தம், ஆதாரம் இருக்கிறது என்று சொன்னபோதுதான் கணக்குக் கேட்டார்கள். அமெச்சூர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. கிராமத்துப் பெரியவரிடம் போய், "நாம கரிகாலன் வம்சம்தானே தாத்தா?" என்று கேட்டால், அவர், "ஆமாண்டா தம்பி" என்றுதான் சொல்வார். காபி வாங்கிக் கொடுத்தவனை ஏமாற்ற யாருக்கு மனசு வரும்?

நம் கி.ரா. இந்தத் தப்பைச் செய்யவில்லை. 1976இல், அதே ரூட்ஸ் வருஷத்தில், 'கோபல்ல கிராமம்' வந்தது. ஆந்திரத்திலிருந்து தப்பி வந்த கூட்டத்தின் கதையைச் சொல்வது நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள். நடுவில் அதிசயங்கள் நடக்கின்றன. எது நடந்தது, எது பாட்டியின் கைச்சரக்கு என்று கி.ரா. பிரித்துக் காட்டவே இல்லை. இப்படித்தான் எங்கள் வீட்டில் சொன்னார்கள் என்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு நேர்மை போதும்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' வேறு ரகம். 1940 தொடங்கி 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். தன் பிறப்பைச் சொல்வதற்கு முன் உத்தமதானபுரத்தின் கதையைச் சொல்கிறார். ஊர், முன்னோர், அப்பாவின் சங்கீதம் எல்லாம் வந்த பிறகுதான் இவர் வருகிறார். வறுமையை மறைக்கவில்லை. ஊர் ஊராக மாறிய குடித்தனம், யாரெல்லாம் சாப்பாடு போட்டார்கள் என்ற கணக்கு எல்லாம் இருக்கிறது. சதாபிஷேகப் புத்தகம் எழுத உட்காருகிறவர்கள் முதலில் இதை ஒரு தடவை வாசித்தால் தேவலை. வாங்கிச் சாப்பிட்டதை எழுதினால் வம்சம் சிறுத்துப்போய்விடாது என்பது தெரியும்.

* * *

நண்பரின் சார்ட் பேப்பரில் ஓர் ஓரத்தில் 'கப்பல்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி இருந்தது. தாத்தாவின் சித்தப்பா ஒருவர் 'கரும்புத் தோட்டத்துக்கு' போனவர், திரும்பவில்லை. எந்த நாடு என்பது தெரியவில்லை.

தென்னாற்காடு ஜில்லாவில் இந்தக் கேள்விக்குறி இல்லாத பழைய குடும்பங்கள் குறைவு. 1993இல் அந்த ஜில்லாவே கடலூர், விழுப்புரம் என்று பிரிந்து வரைபடத்திலிருந்து போய்விட்டது. டர்பனில் இருக்கிற கப்பல் பட்டியல்களில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதிவைத்தான் வெள்ளைக்காரன். மொரீஷியஸில் போட்டோகூட எடுத்திருக்கிறான். மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்த ஆவணங்களைப் பாதுகாக்கிறார்கள். ஆட்களை எண்ணாக நடத்திய அதே கணக்குப்பிள்ளைத்தனம்தான் இன்று கொள்ளுப்பேரன்களுக்குக் கிடைத்திருக்கிற ஒரே குடும்பப் புராணம். இதை நினைத்தால் எனக்குக் கோபப்படுவதா கும்பிடுவதா என்று புரிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தென்னாப்பிரிக்காவில் படையாச்சி என்பது சகஜமான குடும்பப் பெயர். நாயுடு, பிள்ளை, கவுண்டர் மாதிரி. அங்கே பள்ளிக்கூடப் பையனுக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே இருக்கலாம். படையாச்சிகளின் சொந்த மண்ணான விருத்தாசலம் பக்கத்தில் பேருக்குப் பின்னால் அதைப் போடுகிற பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அங்கே சொல் மிஞ்சியது, இங்கே விஷயம் மிஞ்சியது.

தமிழில் வம்சம் தேடுவது என்றால் கடைசியில் சாதியில்தான் போய் முட்டும். பழைய பத்திரத்தில் பேருக்கு அடுத்ததே சாதிதான். இதைக் கண்டுகொள்ளாத மாதிரி 'எங்கள் குலம்' எழுதுவது, நெய்வேலியைப் பற்றி எழுதிவிட்டு நிலக்கரியை விட்டுவிடுகிற மாதிரி.

நல்லவேளை, இந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் அதை விடவில்லை. விருத்தாசலத்தைச் சுற்றி இருக்கிற நாட்டுக்கு நடுநாடு என்று பேர். குடும்ப வரலாறு எழுத ஆசைப்படுகிறவர் முதலில் படிக்கவேண்டிய பாடப்புத்தகங்கள் இங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன என்பேன். த. பழமலய் 1988இல் 'சனங்களின் கதை' போட்டார். புதுக்கவிதை என்றால் நிலா, தனிமை, நான் என்று இருந்த காலத்தில், தன் அம்மா அப்பா, சொந்தக்காரர்கள், ஊர் ஜனங்கள் எல்லாரையும் அவர்கள் பேசுகிற பேச்சோடு கவிதைக்குள் கூட்டி வந்துவிட்டார். சிலருக்கு அது கவிதையாகவே படவில்லை. எனக்கு அது ஒரு நல்ல மொய் நோட்டு மாதிரி இருக்கிறது. இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் ஒரு படி போகிறது. ஊருக்குத் துணி வெளுக்கிற, பிரசவம் பார்க்கிற, சாவுக்கு முன்னால் நிற்கிற ஆரோக்கியத்தின் கதை. ஒரு வம்சத்தின் குழந்தைகளைக் கையில் வாங்கியவள் ஆரோக்கியம். அந்த வம்சத்தின் சார்ட் பேப்பரில் அவளுக்கு வட்டம் உண்டா? எந்த நிறத்தில்? 'செடல்' (2006) நாவலில் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண் வருகிறாள். கோடு கீழே இறங்கவே கூடாது என்று ஊரே கூடி முடிவுசெய்த வட்டம் அவள். கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' (1999) வரைபடக்காரனுக்கு வேறு சிக்கலைக் கொடுக்கும். மாப்பிள்ளை விஷயத்தில் ஏமாற்றிக் கட்டிவைக்கப்படுகிறாள், விட்டு வருகிறாள், இன்னொருவனோடு வாழ்கிறாள். எந்தக் கோட்டை எங்கே இழுப்பது? தெற்கே நீல. பத்மநாபனும் 1968லேயே 'தலைமுறைகள்' என்று பேர் வைத்துவிட்டு, புருஷன் வீட்டிலிருந்து பழிசொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் அநியாயத்தைத்தான் எழுதினார்.

கண்மணியின் 'வந்தாரங்குடி' (2013) நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊரைவிட்டு எழுப்பப்பட்டவர்களின் கதை. வம்சம் தேடுகிறவனுக்கு ஆள் போனாலும் வீட்டுமனையாவது மிஞ்சும், ஐயனார் மிஞ்சுவார். இங்கே மனையே நூறடி ஆழத்துக்குப் போய்விட்டது. நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்கு உதவியது. "அந்த மண்ணுலதான் சார் நாங்க பீஸ் கட்டை செஞ்சோம்" என்றார் நண்பர். யார் வீட்டு வாசலோ, யார் கொல்லையோ எனக்குத் தெரியாது. என் வீட்டு மெயின் போர்டைப் பார்க்கும்போது சில சமயம் இது ஞாபகம் வருகிறது.

* * *

நண்பர் என்னைக் கூப்பிட்டது சார்ட்டைக் காட்ட மட்டும் இல்லை.

"ஒரு விசயம் கேக்கணும் சார். எங்க தாத்தாவுக்கு மூத்த சம்சாரம் ஒண்ணு இருந்திச்சாம். கெணத்துல விழுந்து செத்துப்போச்சு. ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பேரும் தெரியல. இதப் போடலாமா, வேணாமா?"

அம்மாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு இதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து எல்லாருக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பி கறாராகச் சொல்லிவிட்டாராம், கிணறு சமாசாரம் எல்லாம் வெளியே வரக்கூடாது என்று. அதுவும் நியாயமான பயம்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தாத்தா வீட்டுக் கிணறு ஒரு சாக்காகப் போய்விடும்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. புத்தக விமரிசனத்தில் தைரியமாக இருப்பது சுலபம். இமையத்தையும் கண்மணியையும் பாராட்டிவிட்டு, ஒரு தகப்பனிடம், "உண்மையை எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது அதைவிடச் சுலபம். "அத்தையைக் கேளுங்களேன்" என்றேன்.

அவருடைய அத்தைக்குத் தொண்ணூறை நெருங்குகிற வயது. இரண்டாம் தாரத்தின் மகள். பக்கத்துக் கிராமம். போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னாத்துக்குடா தம்பி இப்ப அது? செத்துப்போன பொம்பள பேர வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"எழுதி வைக்கத்தான் அத்த."

"எளுதி?"

நண்பரிடம் பதில் இல்லை. அத்தை கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, உள்ளே கிடக்கிற தவலையை எடுத்து வரச் சொன்னார்கள். பழைய பித்தளைத் தவலை, அடியில் கரி ஏறி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நெல் அவித்தது, விசேஷத்துக்குச் சோறு வடித்தது, வெந்நீர் போட்டது எல்லாம் அதில்தானாம். கழுத்துப் பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்ததும் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. பாத்திரக் கடையில் உளி வைத்துத் தட்டித் தட்டி வெட்டுவார்களே, அந்த எழுத்து.

'ப. கொளஞ்சி.'

"அவுங்க கொண்டாந்த சீரு" என்றார்கள் அத்தை. "எங்கம்மா இத விக்கவுடல. அப்பா ரெண்டு தரம் எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரு. எங்கம்மா குடுக்கல."

எனக்குச் சுரீர் என்றது. நிலம் ஆண் பேரில் இருந்தது, பத்திரம் ஆண் பேரில் இருந்தது, சார்பதிவாளர் ஆபீஸ், எழும்பூர் எல்லாம் ஆண் பேர். பெண்ணின் பேரைச் சர்க்கார் எழுதவில்லை, புருஷன் வீடு எழுதவில்லை. பிறந்த வீட்டில் சீர் வாங்கிக் கொடுத்தபோது பாத்திரக் கடைக்காரன் வெட்டிக் கொடுத்த ஒரே ஒரு வரி. அதையும் பத்திரமாக வைத்திருந்தவள் அவளுடைய இடத்துக்கு வந்த இரண்டாமவள். பழைய பாத்திரத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டபோது நம் வீடுகளிலிருந்து எத்தனை பாட்டிகள் சாக்குப் பையில் ஏறிப் போனார்களோ.

நண்பர் பையிலிருந்து சார்ட்டை எடுத்துத் திண்ணையில் விரித்தார். நாலு மூலைக்கும் கல் வைத்தோம். தாத்தாவின் நீல வட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச்சால் ஒரு வட்டம் போட்டு 'கொளஞ்சி' என்று எழுதினார். கிணற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒரு கோடு மட்டும் இழுத்தார். அந்தக் கோடு வேறெங்கும் போகவில்லை.

அத்தை குனிந்து, அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். மை இன்னும் காயாததால் விரலில் ஒட்டியது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காகிதம் முழுவதையும் மேலிருந்து கீழாகக் கண்ணால் தடவினார்கள். படிக்கத் தெரியாது.

"இதுல நான் எங்கடா இருக்கன்?"

நண்பர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அவர் வட்டமே போட்டிருக்கவில்லை.